சர்க்கரையை அளக்கும் செல்

மனித உடலில் இன்சுலின் சுரப்பது ஒரே வகைச் செல்தான். அதன் பெயர் பீட்டா செல். இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகக் கிடக்கும் கணையத்தில் அது இருக்கிறது. கணையத்தின் பெரும்பகுதிக்குச் செரிமான நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவதே வேலை. அந்தப் பரப்பின் நடுவே, வெளிறிய சிறு திட்டுகள் தீவுக்கூட்டம்போலச் சிதறிக் கிடப்பதை 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் நுண்ணோக்கியில் கண்டார். அவை எதற்காக இருக்கின்றன என்பது அவருக்குப் பிடிபடவில்லை. தெரியவில்லை என்பதை மறைக்காமல் தம் ஆய்வேட்டில் எழுதியும் வைத்தார். இன்று அவர் பெயராலேயே வழங்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் ஒருவரின் கணையத்தில் சுமார் பத்து லட்சம் இருக்கும். அத்தனையையும் சேர்த்து நிறுத்தாலும் கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் தேறும். அதாவது ஓரிரு கிராம். அந்த ஓரிரு கிராமில் உள்ள பீட்டா செல்கள் அழிந்துபோவதுதான் முதல் வகை நீரிழிவு.

அழிப்பது உடலின் சொந்த நோய் எதிர்ப்பு மண்டலம். கிருமிகளைத் தேடிக் கொல்ல வேண்டிய டி செல்கள் பீட்டா செல்களைப் பகையாகக் கருதித் தாக்குகின்றன. இந்தத் தாக்குதல் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் சத்தமில்லாமல் நடக்கும். பெரும்பாலான செல்கள் போன பிறகுதான் அடங்காத தாகமும் ஓயாத சிறுநீரும் எடைக்குறைவும் வெளியே தெரியும். குழந்தைகளையும் இளைஞர்களையும் அதிகம் பிடிக்கும் நோய் இது. நம் வீடுகளில் ‘சுகர்’ என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் பீட்டா செல்கள் இருக்கும். உடல்தான் இன்சுலினுக்கு ஒழுங்காகக் கட்டுப்படாது. பல ஆண்டுகள் அளவுக்கு மீறி உழைத்துச் செல்களும் தளர்ந்துபோகும். இந்த அத்தியாயம் சொல்லும் ஆய்வு முதல் வகையை எதிர்கொள்ளத் தொடங்கியது.

பீட்டா செல்லின் வேலை இன்சுலின் சுரப்பது என்று சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். முதன்மையாக அது ஓர் அளவைக்கருவி. ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் செல்லுக்குள் புகுந்து எரியும்போது ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. ஏ.டி.பி. பெருகியதும் செல்லுறையில் உள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அதனால் உறையின் மின்னழுத்தம் மாற, கால்சியம் வாயில்கள் திறந்து கால்சியம் உள்ளே பாய்கிறது. இன்சுலினை நிரப்பிக்கொண்டு ஏற்கெனவே விளிம்பில் காத்திருக்கும் நுண்பைகள் அப்போது உறையோடு ஒட்டித் திறந்து, உள்ளே இருப்பதை ரத்தத்தில் கொட்டுகின்றன. சாப்பிட்ட சில நிமிடங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிடும். சர்க்கரை இறங்கினால் உள்ளே எரிபொருள் குறையும், வாயில் திறக்கும், சுரப்பும் அடங்கும். கேட்கவும் சொல்லவும் யாரும் வேண்டியதில்லை. எவ்வளவு சர்க்கரை என்று பார்ப்பதும் எவ்வளவு இன்சுலின் என்று முடிவு செய்வதும் அதே செல்தான்.

இந்தச் செல்லின் இன்னொரு பழக்கமும் பின்னால் முக்கியமாகிறது. அது இன்சுலினை நேரடியாகச் செய்வதில்லை. புரோஇன்சுலின் என்ற நீண்ட சங்கிலியை முதலில் கட்டி, நடுத்துண்டை வெட்டி எடுத்துவிடுகிறது. வெட்டுப்பட்ட துண்டின் பெயர் சி-பெப்டைடு. ஓர் இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு என்ற கணக்கில் இரண்டும் ரத்தத்தில் சேர்கின்றன. மருந்துக்கடையில் வாங்கும் இன்சுலினில் சி-பெப்டைடு கிடையாது. ஆகவே ஒருவர் ரத்தத்தில் உள்ள இன்சுலின் ஊசியில் வந்ததா, உடலே செய்ததா என்ற கேள்விக்கு சி-பெப்டைடு பொய் சொல்லாத சாட்சி.

1922க்கு முன்பு முதல் வகை நீரிழிவு கண்ட குழந்தை பிழைப்பது இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் டொரண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசியாகப் போடப்பட்டது. முதல் ஊசி சரிவரவில்லை. ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திக் கொடுத்த சாறு இரண்டு வாரத்துக்குள் போடப்பட்டபோது அவன் ரத்தச் சர்க்கரை இறங்கியது. அந்தச் சாற்றில் இருந்த இன்சுலினைக் கண்டறிந்ததற்காகப் பேண்டிங்கும் மெக்லியோடும் மறு ஆண்டே நோபல் பரிசு பெற்றார்கள். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு விரைவாக இவ்வளவு உயிர்களைக் காத்த கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே.

ஆனாலும் ஊசி கொடுப்பது இன்சுலினை மட்டும். அளக்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது. என்ன சாப்பிடப்போகிறோம், எவ்வளவு நடக்கப்போகிறோம், காய்ச்சல் இருக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பலமுறை கணக்குப் போட வேண்டும். கணக்கு ஒரு பக்கம் தவறினால் உயர்சர்க்கரை. அது கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் மெல்ல அரிக்கும். மறுபக்கம் தவறினால் தாழ்சர்க்கரை. அது உடனே ஆளைச் சாய்த்துவிடும். பல ஆண்டுகள் இன்சுலின் போட்டவர்களில் சிலருக்குச் சர்க்கரை இறங்கும்போது வரும் வியர்வை, நடுக்கம் போன்ற எச்சரிக்கைகள் கூட மரத்துப்போகின்றன. அவர்கள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போதோ தூக்கத்திலோ நினைவிழக்கக்கூடும். பிள்ளைக்கு இந்த நோய் இருக்கும் வீட்டில் பெற்றோர் நள்ளிரவில் எழுந்து விரல்நுனியில் குத்திப் பார்ப்பது இதற்காகத்தான். சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் உணரிகளும் இன்சுலின் பம்புகளும் அந்தச் சுமையைப் பெரிதும் குறைத்திருக்கின்றன. என்றாலும் அளக்கும் செல்லையே திரும்பக் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி பழையது.

அதற்கு ஒரு விடை கனடாவின் எட்மண்டனில் கிடைத்தது. இறந்தவர்கள் கொடையாகத் தந்த கணையத்தை நொதியால் கரைத்து, திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குள் செல்லும் போர்ட்டல் சிரையில் செலுத்தும் முறையை ஜேம்ஸ் ஷாப்பிரோவின் குழு செம்மைப்படுத்தி 2000இல் வெளியிட்டது. ஏழு நோயாளிகளும் இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள். திட்டுகள் கல்லீரலில் தங்கி, அங்கிருந்தபடியே சர்க்கரையை அளந்து சுரந்தன. கணையத்துக்கு வெளியே வைத்தாலும் பீட்டா செல் தன் வேலையை மறப்பதில்லை என்பது இதில் ஐயமின்றி உறுதியானது. குறை இரண்டு. ஒரு நோயாளிக்கு இரண்டு கொடையாளர்களின் கணையமாவது வேண்டியிருந்தது; உலகம் முழுவதும் கிடைக்கும் கொடைக் கணையங்கள் எந்தக் காலத்திலும் இந்தத் தேவைக்குப் போதமாட்டா. வாழ்நாள் முழுதும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் சாப்பிட வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது பலருக்கு சி-பெப்டைடு இருந்தது. ஊசி இல்லாமல் வாழ்ந்தவர்கள் பத்தில் ஒருவரே.

முதல் குறையை நீக்க வேண்டுமானால் பீட்டா செல்லை வேண்டிய அளவு ஆய்வகத்தில் உண்டாக்க வேண்டும். அந்த வேலையைக் கால் நூற்றாண்டு விடாமல் செய்த குழுக்களில் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மெல்ட்டன் நடத்தியது.

மெல்ட்டன் முதலில் நீரிழிவு ஆய்வாளர் அல்லர். கேம்பிரிட்ஜில் ஜான் கர்டனிடம் முனைவர் பட்டம் பெற்றவர். தவளை முட்டை எப்படித் தலையும் வாலுமாகப் பிரிந்து வளர்கிறது என்பதைப் படித்துவந்தார். 1991இல் அவருடைய ஆறு மாதக் கைக்குழந்தைக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. தவளையை விட்டுவிட்டுக் கணையத்துக்கு வந்தார். பத்தாண்டு கழித்துப் பதின்ம வயது மகளுக்கும் அதே நோய் கண்டது. சொந்த வீட்டுத் துயரம் ஒருவரின் ஆய்வைத் திருப்பிவிட்ட கதைகள் அறிவியலில் சில உண்டு. அவற்றில் இவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தது அபூர்வம். தவளைக் கருவைப் படித்த பழக்கம் வீணாகவும் இல்லை. ஒரு செல் இன்னொன்றாவதற்குக் கரு எந்தக் குறிப்புகளை எந்த வரிசையில் கொடுக்கிறது என்பதே அவர் இளமையிலிருந்து கேட்டுவந்த கேள்வி.

ஸ்டெம் செல் என்பது இரண்டு திறமை கொண்ட செல். தன்னைப்போலவே எத்தனை முறையும் பிரிந்து பெருகும். தக்க குறிப்புக் கிடைத்தால் வேறு வகைச் செல்லாகவும் மாறும். கருவான ஐந்தாறு நாளில், கருப்பையில் ஒட்டுவதற்கு முன் இருக்கும் செல் உருண்டையின் உட்புறத்தில் உள்ள ஸ்டெம் செல்கள் உடலின் எந்தச் செல்லாகவும் ஆகக்கூடியவை. மனிதக் கருவிலிருந்து அவற்றைப் பிரித்து வளர்க்க முடியும் என்பதை 1998இல் விஸ்கான்சினின் ஜேம்ஸ் தாம்சன் காட்டினார். செயற்கைக் கருத்தரிப்பில் மிஞ்சி உறைநிலையில் வைத்திருந்த கருக்களைத் தம்பதிகளே கொடுத்தார்கள். அந்தக் கரு அழிகிறது என்பதால் அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2001 ஆகஸ்ட்டில் அதிபர் ஜார்ஜ் புஷ், அந்தத் தேதிக்கு முன்பே உண்டாக்கிய செல் வரிசைகளுக்கு மட்டுமே கூட்டரசு நிதி என்று அறிவித்தார்.

ஏற்கெனவே இருந்த வரிசைகள் குறைவு, கையாளவும் கடினமானவை. மெல்ட்டன் குழு தனியார் நிதியைத் திரட்டியது. கூட்டரசுப் பணத்தில் வாங்கிய கருவிகள் இந்த வேலைக்குப் பயன்படக்கூடாது என்பதால் அதற்கென்று தனி ஆய்வகம் அமைத்தது. 2004இல் 17 புதிய வரிசைகளை உண்டாக்கி, கேட்ட ஆய்வாளர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியது. பின்னால் பீட்டா செல் செய்வதற்குக் கைகொடுத்ததும் அந்தப் பதினேழில் ஒன்றுதான். அதே ஆண்டில் டேவிட் ஸ்காடனுடன் சேர்ந்து ஹார்வர்டு ஸ்டெம் செல் கழகத்தையும் மெல்ட்டன் தொடங்கினார்.

ஸ்டெம் செல் கையில் இருந்தால் மட்டும் பீட்டா செல் வந்துவிடாது. 2001இல் அமெரிக்காவின் வேறொரு குழு, எலி ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களை உண்டாக்கியதாக அறிவித்தது. இன்சுலினைக் கண்டால் நிறம் காட்டும் சாயத்தில் அந்தச் செல்கள் பளிச்சென்று தெரிந்தன. மெல்ட்டன் குழு அதைத் திருப்பிச் செய்து பார்த்தது. சாயம் ஏறியது, சி-பெப்டைடு மட்டும் காணவில்லை. செல்களை வளர்க்கும் ஊட்டக் கரைசலில் வழக்கமாகவே இன்சுலின் கலந்திருக்கும். செல்கள் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தனவே தவிர, தாமாக ஒரு துளியும் செய்யவில்லை. 2003இல் இது வெளியானது. ஒரு சாட்சியைக் கேட்க மறந்ததால் எத்தனையோ பேரின் உழைப்பு தவறான வழியில் போயிருக்கும். அதன்பிறகு இந்தத் துறையில் சி-பெப்டைடு காட்டாமல் யாரும் உரிமை கொண்டாட முடிந்ததில்லை.

மறு ஆண்டு அதே குழு இன்னொரு நம்பிக்கையை உடைத்தது. வளர்ந்த கணையத்திலேயே எங்கோ ஸ்டெம் செல்கள் ஒளிந்திருக்கும், அவற்றைத் தூண்டினால் போதும் என்று பலர் எண்ணியிருந்தார்கள். எலியின் பீட்டா செல்களில் மரபணு வழியாக அழியாத அடையாளம் இட்டு, மாதங்கள் கழித்துப் பார்த்தார்கள். ஸ்டெம் செல்லிலிருந்து புதிய பீட்டா செல்கள் பிறந்திருந்தால் அடையாளமற்ற செல்களின் விகிதம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. வளர்ந்த எலியில் பீட்டா செல் பிறப்பது பீட்டா செல் பிரிந்துதான். அப்படியானால் பீட்டா செல்லே மிஞ்சாத நோயாளிக்கு உள்ளிருந்து கிடைக்கப்போவது எதுவும் இல்லை. வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

சறுக்கலும் உண்டு. பீட்டா செல்களைப் பெருக்கும் ஹார்மோன் ஒன்றைக் கண்டதாக 2013இல் மெல்ட்டன் குழு வெளியிட்ட கட்டுரை உலகச் செய்தியானது. பிற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. குழு தானே மீண்டும் பெரிய அளவில் சோதித்தது. தன் முதல் முடிவு நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டு 2016இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. தன் புகழுக்கு இழுக்கு வரும் என்று தெரிந்தும் இதைச் செய்ததால்தான் அந்தக் குழுவின் மற்ற முடிவுகளை நம்ப முடிகிறது.

வெற்றி வந்த வழி கருவைப் பின்தொடரும் வழி. வயிற்றில் வளரும் குழந்தையின் பீட்டா செல் ஒரே தாவலில் உண்டாவதில்லை. முதலில் கருவின் செல்கள் புற அடுக்கு, நடு அடுக்கு, அக அடுக்கு என்று மூன்றாகப் பிரிகின்றன. அக அடுக்கு சுருண்டு குடற்குழாய் ஆகிறது. அந்தக் குழாயின் ஒரு பகுதி புடைத்துக் கணைய மொட்டு ஆகிறது. மொட்டின் சில செல்கள் நாளமில்லாச் சுரப்பியின் முன்னோடிகளாக ஒதுங்குகின்றன. அவற்றில் சில கடைசியில் பீட்டா செல் ஆகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் அண்டைச் செல்கள் ஏதோ ஒரு வேதிக் குறிப்பைக் கொடுக்கின்றன. ஆய்வகத் தட்டில் அண்டைச் செல்கள் இல்லை. எந்தக் குறிப்பு, எவ்வளவு, எந்த நாளில் என்பதை மனிதரே கண்டறிந்து ஊற்ற வேண்டும்.

முதல் படிகளைக் கண்டவர்கள் சான் டியாகோவில் பின்னால் வயாசைட் என்று பெயர் பெற்ற நிறுவனத்தார். ஆக்டிவின் என்ற புரதத்தைக் கொடுத்தால் மனித ஸ்டெம் செல் அக அடுக்காகத் திரும்புகிறது என்று 2005இல் காட்டினார்கள். அடுத்த ஆண்டு இன்சுலின் வைத்திருக்கும் செல் வரை போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவை அரைகுறைச் செல்கள். இன்சுலினோடு, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் என்ற ஹார்மோனையும் சேர்த்துச் செய்தன. சர்க்கரையைக் கூட்டினாலும் குறைத்தாலும் அசையவில்லை. இன்சுலின் இருந்தது, அளவைக்கருவி இல்லை.

மெல்ட்டன் குழுவில் ஃபெலிசியா பாலியூகா, ஜெஃப்ரி மில்மன், மாட்ஸ் குர்ட்லர் ஆகியோர் முதன்மையாக நின்று செய்த வேலை அந்த இடத்திலிருந்து தொடங்கியது. எழுபதுக்கும் மேற்பட்ட சேர்மங்களை நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கலவைகளில் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கடைசியில் ஆறு கட்டங்களாக, நான்கைந்து வாரம் நீளும் முறை ஒன்று உருவானது. தொடக்கத்தில் ஆக்டிவின். பிறகு குடற்குழாய்க்கான வளர்ச்சிக் காரணி. கணைய மொட்டாக்க வைட்டமின் ஏ வழிவந்த ரெட்டினாயிக் அமிலம். அந்தக் கட்டத்தில் செல்லுக்குள் பி.டி.எக்ஸ்.1 என்ற புரதம் எழுகிறது. மரபணுவில் அது இல்லாமல் பிறக்கும் உயிருக்குக் கணையமே இராது. அடுத்து என்.கே.எக்ஸ்.6.1 எழ வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து எழாத செல், முன்பு சொன்ன அரைகுறைச் செல்லாகவே முடியும். முந்தைய முறைகள் வழுக்கியது பெரும்பாலும் இங்கேதான். இறுதிக் கட்டங்களில் தைராய்டு ஹார்மோன் போன்றவற்றைக் கொடுத்துச் செல்லை முதிரவிடுகிறார்கள்.

தட்டில் ஒட்டி வளர்ப்பதையும் கைவிட்டார்கள். மெதுவாகச் சுழலும் துடுப்பு உள்ள அரை லிட்டர் குடுவையில் செல்கள் மிதந்தபடி, சிறு சிறு உருண்டைகளாகத் திரண்டு வளர்ந்தன. ஒரு குடுவையில் பல கோடிச் செல்கள். பார்ப்பதற்குச் சாதாரண மாற்றம். ஒரு நோயாளிக்கு வேண்டியது கோடிக்கணக்கில் என்னும்போது, தட்டிலிருந்து குடுவைக்கு மாறியதுதான் ஆய்வகக் காட்சியை மருத்துவமாக்கியது என்று சொல்லலாம். திரளாக வளர்ந்ததால் செல்கள் இயற்கைத் திட்டுகளின் உருவத்தையும் பெற்றன.

சோதனை எளிமையானது. செல்களைக் குறைந்த சர்க்கரைக் கரைசலில் வைத்து, பிறகு அதிகச் சர்க்கரைக்கு மாற்றி, மீண்டும் குறைத்து, மீண்டும் கூட்டினார்கள். கூடும்போது இன்சுலின் கூடியது, குறையும்போது குறைந்தது, ஒவ்வொரு முறையும். எதிர்ப்பு சக்தி இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்கடியில் வைத்தபோது இரண்டே வாரத்தில் எலி ரத்தத்தில் மனித இன்சுலின் தென்பட்டது. நீரிழிவு எலிகளின் சர்க்கரை இறங்கியது. 2014 அக்டோபரில் இந்த முடிவுகள் வெளியாயின. கனடாவின் திமோத்தி கீஃபரும் ஜான்சன் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து, வேறொரு பாதையில் ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்து, சில வாரங்கள் முன்னதாகவே வெளியிட்டிருந்தார்கள். இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைத் தொட்டால் அந்த விடையை நம்பலாம்.

செல்லைத் தொழிற்சாலைத் தரத்தில் செய்ய நிறுவனம் வேண்டும். தம் இரு பிள்ளைகளின் பெயர்களையும் இணைத்து செம்மா என்று மெல்ட்டன் ஒரு நிறுவனம் தொடங்கினார். அதை 2019இல் பாஸ்டனின் வெர்டெக்ஸ் மருந்து நிறுவனம் 95 கோடி டாலருக்கு வாங்கியது.

2021இல் முதல் நோயாளிக்குச் செல்கள் செலுத்தப்பட்டன. எட்மண்டன் முறையிலேயே, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கு. நாற்பது ஆண்டு நோயோடு வாழ்ந்தவர். அதற்கு முந்தைய ஓராண்டில் ஐந்து முறை தாழ்சர்க்கரையில் ஆபத்தான நிலைக்குப் போனவர். அவர் ரத்தத்தில் சி-பெப்டைடு துளியும் இல்லை. பாதுகாப்பைப் பார்க்க வேண்டும் என்பதால் அவருக்குக் கொடுத்தது பாதி அளவுதான், 40 கோடிச் செல்கள். தொண்ணூறாம் நாள் அவருடைய தினசரி இன்சுலின் 34 யூனிட்டிலிருந்து 2.9 யூனிட்டாகக் குறைந்திருந்தது. சி-பெப்டைடு ரத்தத்தில் இருந்தது, சாப்பிட்டால் கூடியது. எங்கிருந்து வந்த இன்சுலின் என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

ஜிமிஸ்லெசெல் என்று பெயரிடப்பட்ட இந்தச் சிகிச்சையில் 14 பேரின் முடிவுகள் 2025 ஜூனில் வெளியாயின. பதினான்கு பேருக்கும் சி-பெப்டைடு தோன்றியது. முழு அளவான 80 கோடிச் செல்களை ஒரே தவணையில் பெற்றவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் அனைவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் 7 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு ஒருவருக்கும் கடுமையான தாழ்சர்க்கரை வரவில்லை. அவர்களில் பத்துப் பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி போடாதவர்கள். இவர்கள் எச்சரிக்கை உணர்வு மரத்துப்போனவர்கள் என்பதையும், நினைவிழக்கும் அச்சத்திலேயே நாட்களைக் கழித்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த எண்களின் பெறுமதி புரியும்.

அதே அறிக்கையில் இரண்டு மரணங்களும் உண்டு. ஒருவர் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையைத் தாக்கியதால் இறந்தார். மற்றவருக்கு ஏற்கெனவே இருந்த மறதிநோய் முற்றியது. செல் இதற்குக் காரணம் இல்லை. ஆனால் அந்தப் பூஞ்சை எதிர்ப்பு சக்தி குன்றியவர்களைத் தேடிப் பிடிப்பது. அடுத்தவர் செல்லை உடல் ஏற்க வேண்டுமானால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து வாழ்நாள் முழுதும் வேண்டும். எட்மண்டனின் இரண்டாம் குறை அப்படியே நிற்கிறது. தாழ்சர்க்கரை உயிருக்கு உலைவைக்கும் நிலையில் உள்ளவர்களுக்கு இந்தப் பேரம் நியாயமானது. பம்பும் உணரியும் கொண்டு நன்றாகவே சமாளிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்றைய நிலையில் நியாயமாகாது.

முதல் குறை நீங்கிய இடத்தில் ஆய்வு முழுவதும் இந்த இரண்டாம் குறையின் பக்கம் திரும்பியிருக்கிறது. செல்லைச் சுற்றி வேலி போடுவது ஒரு யோசனை. சர்க்கரையும் இன்சுலினும் உயிர்வாயுவும் போய்வர, எதிர்ப்புச் செல் மட்டும் நுழைய முடியாத சவ்வு. பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைச் சற்று மாற்றி, அதற்குள் மெல்ட்டன் குழுவின் செல்களைப் பொதிந்து வைத்த சோதனையில், எதிர்ப்பு சக்தி முழுமையாக உள்ள எலிகளிலும் அவை 174 நாட்கள் வேலை செய்தன. எம்.ஐ.டி. குழுவோடு சேர்ந்து 2016இல் இதைக் காட்டினார்கள். மனிதரில் அது எளிதாக இல்லை. வேலியைச் சுற்றி உடல் நார்த்திசுவைக் கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் செல் மூச்சுமுட்டுகிறது. வெர்டெக்ஸ் நிறுவனமே தன் செல்களைச் சிறு பேழையில் வைத்துச் சோதித்தது. சி-பெப்டைடு போதிய அளவு எழாததால் 2025இல் நிறுத்திவிட்டது.

நோயாளியின் சொந்தச் செல்லிலிருந்தே தொடங்குவது இன்னொரு யோசனை. வளர்ந்த செல்லை நான்கு மரபணுக்களால் மீண்டும் ஸ்டெம் செல்லாக்கலாம் என்று கியோட்டோவின் ஷின்யா யமனாகா 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும் காட்டியதிலிருந்து இதற்கு வழி திறந்தது. கரு தேவையில்லை, அறச்சிக்கலும் இல்லை. பீகிங் பல்கலைக்கழகத்தின் டெங் ஹோங்குய் மரபணுவைத் தொடாமல் வேதிச் சேர்மங்களாலேயே இதைச் செய்யும் முறையை வளர்த்தார். தியான்ஜினில் 25 வயதுப் பெண் ஒருவரின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை ஸ்டெம் செல்லாக்கி, திட்டுகளாக வளர்த்து, 2023 ஜூனில் அவருடைய வயிற்றுத் தசைப் பகுதியில் வைத்தார்கள். எழுபத்தைந்தாம் நாளிலிருந்து அவருக்கு ஊசி தேவைப்படவில்லை. ஓராண்டு கழிந்தும் அப்படியே. வயிற்றுத் தசையில் வைத்ததில் ஒரு நன்மை: ஏதாவது கோளாறானால் எடுத்துவிடலாம். கல்லீரலில் பரவிய செல்களை எடுக்க முடியாது. இந்த வெற்றியிலும் ஓர் ஐயம் உண்டு. அந்தப் பெண் முன்பே கல்லீரல் மாற்று சிகிச்சை பெற்று அடக்கும் மருந்து சாப்பிட்டுவந்தவர். சொந்தச் செல்லை அந்நியம் என்று உடல் தள்ளாமல் இருக்கலாம். ஆனால் முதல் வகை நீரிழிவில் உடல் கொன்றதே சொந்தச் செல்லைத்தான். மருந்து இல்லாதிருந்தால் அந்தப் பழைய தாக்குதல் திரும்பியிருக்குமா என்பது இந்த ஒரு நிகழ்வால் தெளியாது.

இத்தகைய செய்திகள் பரவும்போது அவற்றின் நிழலில் வணிகமும் பரவுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆராய்ச்சி மட்டுமே. முறைப்படி அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே செய்யக் கூடாது. எலும்பு மஜ்ஜையிலிருந்தோ தொப்புள்கொடி ரத்தத்திலிருந்தோ எடுத்த செல்லை ஊசியாகப் போட்டால் நீரிழிவு தீரும் என்ற விளம்பரத்துக்கும் மேலே சொன்ன ஆறு கட்ட வேலைக்கும் தொடர்பில்லை. அப்படி ஊசியில் போடும் செல் பீட்டா செல் அல்ல. பணம் கேட்பவரிடம் சி-பெப்டைடு அறிக்கையைக் காட்டச் சொல்வது நோயாளியின் உரிமை.

மூன்றாவது யோசனை செல்லின் அடையாளத்தையே மாற்றுவது. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லும் எச்.எல்.ஏ. என்ற புரதங்களை மேலே ஏந்தி நிற்கிறது. டி செல் அவற்றைப் படித்துத்தான் உறவா அந்நியமா என்று முடிவு செய்கிறது. மரபணுத் திருத்தத்தால் அவற்றை நீக்கிவிடலாம். ஆனால் அடையாளமே இல்லாத செல்லைக் கொல்வதற்கென்று உடலில் இயற்கைக் கொல்லிச் செல்கள் என்ற தனிப்படை இருக்கிறது. அவற்றை அமைதிப்படுத்த, ‘என்னைத் தின்னாதே’ என்று சொல்லும் சி.டி.47 என்ற புரதத்தைக் கூடுதலாக ஏற்ற வேண்டும். சியாட்டிலின் சானா நிறுவனத்தார் இப்படித் திருத்திய திட்டுச் செல்களை சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் 42 வயது மனிதர் ஒருவரின் முன்கைத் தசையில் 2024 இறுதியில் வைத்தார்கள். அடக்கும் மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. ஊசியில் இருந்த எல்லாச் செல்களும் முழுதாகத் திருந்தியவை அல்ல. திருந்தாதவையும் அரைகுறையாகத் திருந்தியவையும் கலந்திருந்தன. அந்தக் கலப்பே சான்றாகிவிட்டது. அவருடைய எதிர்ப்பு மண்டலம் திருந்தாத செல்களைத் தாக்கி அழித்தது. முழுதாகத் திருந்தியவற்றைத் தொடவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்தும் அவர் ரத்தத்தில் சி-பெப்டைடு இருந்தது, சாப்பிட்டால் கூடியது.

உப்சாலாவில் வைத்தவை ஒரு கொடையாளரின் கணையத்திலிருந்து எடுத்த செல்கள். அதே திருத்தத்தை ஸ்டெம் செல்லில் முதலிலேயே செய்து, பிறகு ஆறு கட்டங்களில் பீட்டா செல்லாக வளர்ப்பது அடுத்த வேலை. பல குழுக்கள் அதில் இறங்கியிருக்கின்றன. முன்கையில் வைத்தது சுமார் 8 கோடிச் செல்கள், பாதுகாப்பைச் சோதிக்கப் போதுமான சிறு அளவு. அந்த மனிதர் இன்சுலின் ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்கிறார்.